பையில் மாத்திரை அட்டை கிடைத்தால் யாரிடம் கேட்பது

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் கடை நடத்துகிறேன். பார்மசி படித்துவிட்டு கொஞ்ச காலம் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை, அப்புறம் சொந்த ஊருக்கே வந்து கடை போட்டேன். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் நிறைய வருவார்கள். நாப்கினோ தலைவலி மாத்திரையோ வாங்க வந்து, கூட்டம் கலையும் வரை நின்று, "அக்கா, ஒண்ணு கேக்கலாமா" என்று ஆரம்பிப்பார்கள். பெற்றவர்கள் வருகிற விதம் வேறு. அட்டையைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் போனில் போட்டோவைக் காட்டி, "சிஸ்டர், இது என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள்.

கஞ்சா, போதை மாத்திரை, வேப் என்கிற மின் சிகரெட், குடி என்று எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், ஒரு குடும்பம் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கேட்பது வாட்ஸ்அப்பிடமும் மெடிக்கல் கடையிடமும்தான். அதனால் இதில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இத்தனை நாளில் எனக்கு உறுதியாகிப் போன விஷயம் ஒன்று உண்டு: பிள்ளையைப் பயமுறுத்துவதற்காகக்கூட உண்மையைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நாம் சொன்ன ஒன்று பொய் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தப் பிள்ளை மற்ற எதையும் நம்மிடம் கேட்காது.

முதலில் அட்டை விஷயம். எல்லோரும் படிப்பது பிராண்ட் பெயரைத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது அதோடு அச்சிட்டிருக்கிற மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது, பிராண்டைத் தேடினால் மருந்து விற்கிற பக்கங்கள்தான் வந்து நிற்கும், மருந்தின் பெயரைத் தேடினால்தான் அது எதற்குத் தருவது, என்ன செய்யும் என்பது கிடைக்கும். அட்டையில் ஆர்எக்ஸ் என்று போட்டிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. என்ஆர்எக்ஸ் என்று இருந்தால் அது 1985ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வருகிற மருந்து. டிரமடால் என்கிற வலி மாத்திரை 2018இல் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது.

பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸில் நீல நிற மாத்திரை இருந்தது என்று ஒரு பாட்டி ஓடி வந்தார். அதற்குள் சொந்தக்காரர் குரூப்பில் யாரோ "இதுதான் இப்ப ஸ்கூல் பிள்ளைங்க போடுற போதை மாத்திரை" என்று எழுதியாயிற்று, வீட்டில் அந்தப் பெண்ணை ஆளாளுக்கு விசாரித்தும் முடித்தாயிற்று. அது பள்ளியிலேயே வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவள் சாப்பிடாமல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் அந்தப் பிரட்டல் குறையும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் மேல் வீடு பட்ட சந்தேகத்தைத் துடைக்க எனக்கு வழி தெரியவில்லை. அட்டை கிடைத்ததும் குரூப்பில் போட்டோ போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான். அருகில் இருக்கிற மருந்தாளுநரிடம் காட்டுங்கள், பத்து வினாடியில் சொல்லிவிடுவார்.

சில சமயம் சந்தேகம் நிஜமாகவே இருக்கும். ஒரு அம்மா கொண்டுவந்த அட்டையில் டாபென்டடால் இருந்தது. மகன் பதினொன்றாம் வகுப்பு. அது ஆபரேஷனுக்குப் பின்னாலும், தாங்க முடியாத வலிக்கும் டாக்டர் எழுதுகிற மருந்து, ஓபியம் வகை மருந்துகள் மூளையில் எங்கே வேலை செய்கின்றனவோ அங்கேயே இதுவும் வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் சில வருடங்களாக இளைஞர்களிடம் இது போதைக்காகப் புழங்குகிறது, போலீஸ் பிடிக்கிற செய்திகளில் "வலி நிவாரண மாத்திரை" என்று வருவது பெரும்பாலும் இதுதான். அந்தப் பையன் அம்மாவோடு மறுநாள் வந்தான். "கஞ்சால்லாம் இல்லக்கா, டாக்டர் எழுதுற மாத்திரைதான" என்றான். அவன் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தான். கம்பெனியில் தயாராகி, அட்டையில் வந்து, தேதி போட்டு இருப்பதால் அதில் ஆபத்து கிடையாது என்பது பிள்ளைகளிடையே ரொம்பப் பரவலான நம்பிக்கை.

அவனிடம் நான் "செத்துப் போயிடுவ" என்று ஆரம்பிக்கவில்லை. அது உடம்பில் என்ன செய்கிறது என்று சொன்னேன். இந்த வகை மருந்து வலியைக் குறைக்கிற அதே நேரத்தில் மூச்சு விடச் சொல்லி மூளை போடுகிற உத்தரவையும் மந்தமாக்கும், குடியோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் அந்த மந்தம் பல மடங்காகும், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோவது இப்படித்தான். சில பேர் ஊசியில் ஏற்றுகிறார்கள், மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, கட்டியாக்கச் சேர்த்த மாவுப் பொருட்களும் இருக்கின்றன, அவை கரையாது, ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் போய் அடைக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் கல்லீரல் தொற்றும் வேறு. பல தடவை போட்டவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்தும், அதைத் தாங்க முடியாமல்தான் திரும்பப் போடுகிறார்கள், இதற்கு டாக்டரிடம் மருந்து இருக்கிறது. இந்தக் கடைசி வரியில்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான். இரவெல்லாம் கால் குடைகிறது என்று அம்மாவிடம் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநல ஓ.பி.க்குப் போனார்கள், இப்போதும் போகிறார்கள்.

கஞ்சாவைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளின் முதல் கேள்வி பெரும்பாலும், "ஒரு தடவை இழுத்தா அடிமையாயிடுவமா அக்கா?" பள்ளிக் கூட்டங்களில் "ஆமாம், ஒரே தடவைதான், வாழ்க்கை போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கேட்ட பையனுக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தன் நாலு தடவை இழுத்துவிட்டு நன்றாகக் கல்லூரி போய்க்கொண்டிருப்பான், அவனைப் பார்த்ததும் நாம் சொன்ன மொத்தமும் பொய்யாகிவிடும். உண்மைக் கணக்கே போதுமான அளவுக்குக் கடுமையானது. ஆராய்ச்சிகளில் சொல்லப்படுகிற மதிப்பீடு, பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய 100க்கு 9 பேர் அதை விட முடியாத நிலைக்குப் போகிறார்கள், பதின்வயதிலேயே தொடங்கியவர்களில் அது 6 பேருக்கு ஒருவர். மூளை இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு என்கிற மனநோய் இருந்தால், கஞ்சா இழுக்கிறவருக்கும் அது வருகிற ஆபத்து இன்னும் அதிகம். "உங்க கிளாஸ்ல ஆறு பேர் ஆரம்பிச்சா ஒருத்தன் மாட்டுவான், அது யாருன்னு ஆரம்பிக்கும்போது யாருக்கும் தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள், பையன் யோசிப்பான். வெறும் பயமுறுத்தல் பலன் தராது என்பதை ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் வெளியிட்ட தடுப்புப் பணிக்கான வழிகாட்டியும் சொல்கிறது, நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

"சித்தர்களே பிடிச்சிருக்காங்க, செடிதானே" என்பதும் வரும். ஊமத்தையும் அரளியும் செடிதான் என்று மட்டும் சொல்வேன். வேப்பைப் பற்றி "வெறும் தண்ணி ஆவி" என்பார்கள். பெரும்பாலானவற்றில் நிகோடின் இருக்கிறது, இந்தியாவில் 2019லிருந்து விற்பதே குற்றம் என்பதால் அதற்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவும் மாட்டார்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்த விஷயம். பெரியவர்கள் நினைப்பது, பிள்ளைகள் போதையைப் பற்றித் தேடினால் தாங்கள் போடுவதற்காகத்தான் தேடுகிறார்கள் என்று. என் கடையில் நான் பார்க்கிற வரைக்கும், அதிகமான பிள்ளைகள் கேட்பது அவர்களுக்காக இல்லை, அப்பாவுக்காக. குடி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனை நீட்டி, "இத அப்பாவுக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்கலாமாக்கா?" என்றாள். குடியை மறக்கடிக்கும் பவுடர், வாசனை இல்லை, சுவை இல்லை, குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம், கூரியரில் வரும் என்று ஒரு வீடியோ. பாட்டி கொடுத்த காசைச் சேர்த்து வைத்திருந்தாள்.

இந்தப் பவுடர்களில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வதில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் காசு மட்டும் போகும். டைசல்ஃபிராம் என்கிற மருந்தைக் கலந்திருந்தால் நிலைமை வேறு. அது டாக்டர்கள் பயன்படுத்துகிற மருந்துதான், ஆனால் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்து, இதயமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகு தருவது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், உயிரும் போகலாம். தெரியாமல் சாப்பிட்டவருக்குக் குடிக்கக் கூடாது என்பதே தெரியாதே. மறுபக்கமும் இருக்கிறது: வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து குழம்பிப் போகலாம். அதுவும் உயிருக்கு ஆபத்து. நிறுத்துவதே டாக்டர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும், அதற்கான மருந்துகள் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

இவ்வளவையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, "இதச் சரி பண்றது உன் வேலை இல்லம்மா" என்றும் சொன்னேன். பதினான்கு வயதில் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனையோ. அவர்களுக்கு முதலில் தர வேண்டிய தகவல் அப்பாவைப் பற்றியது இல்லை, வீட்டில் அடி உதை என்றால் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதுதான். அப்புறம் அவள் அம்மாவை வரச் சொல்லிப் பேசினேன்.

நம்பர்களில் எது எதற்கு என்பது நிறையப் பேருக்குக் குழப்பம். போதைப் பழக்கத்தை விட்டுவிட உதவி வேண்டும் என்றால் 14446, மத்திய அரசினுடையது, கட்டணம் கிடையாது. மனசு சரியில்லை, பயம், தூக்கமில்லை, தற்கொலை எண்ணம் என்றால் 14416, டெலிமானஸ், 2022இல் தொடங்கியது, தமிழிலேயே பேசுவார்கள், பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104இலும் உடல்நலச் சந்தேகம் கேட்கலாம். எதையாவது விழுங்கிவிட்டால் ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117 இருக்கிறது, ஆனால் ஆள் மயங்கிக் கிடந்தால் முதலில் 108தான். 10581 என்பது போதைப்பொருள் விற்பனை பற்றிப் போலீசுக்குத் தகவல் தருகிற எண். விற்கிறவனைப் பற்றிச் சொல்ல அது, உங்கள் பிள்ளைக்கு உதவி கேட்க அது இல்லை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து பலர் எந்த எண்ணுக்கும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பயத்துக்கும் ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கில், தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம், சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். சிகிச்சைக்குப் போனதாலேயே டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைக்காதீர்கள், 2017ஆம் வருட மனநலச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், பதினெட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 வருடம் வரை சிறை என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. மாமா விளையாட்டுக்கு ஊற்றிக் கொடுத்தாலும் குற்றம் குற்றம்தான், கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் முறைக்கிறார்கள், நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுவாழ்வு மையம் தேடும்போது ரொம்பக் கவனம் வேண்டும். "நாங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிடுவோம்" என்று சொல்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கட்டி வைப்பதும் அடிப்பதும் சிகிச்சை இல்லை, அப்படி நடந்த இடங்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருவார், வீட்டார் வந்து பார்க்கலாமா, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்து வைக்கக் கூடாது என்பது சட்டம். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு 2025இல் கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, அடையாறு பக்கம் நடக்கிற டி.டி.கே. மருத்துவமனையும் இந்த வேலைக்காகவே தொடங்கப்பட்டது.

போனில் தேடுவதைப் பற்றி. பிள்ளைகள் தேடத்தான் போகிறார்கள், கூடவே உட்கார்ந்து தேடுங்கள் என்பது என் யோசனை. நான் பள்ளியில் பேசக் கூப்பிட்டால் செய்வது, ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பலகையில் எழுதி எல்லோரையும் கேள்வி கேட்கச் சொல்வது. ஸ்ட்ராபெர்ரி வாசனையில் மிட்டாய் மாதிரி போதைப்பொருளைப் பள்ளி வாசலில் கொடுக்கிறார்கள் என்று ஒன்று இப்போதும் சுற்றுகிறது, அது 2007 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிய வதந்தி. எந்த ஊர், எந்த தேதி, யார் சொன்னது, எதுவுமே அதில் இருக்காது, "எல்லாக் குரூப்புக்கும் அனுப்புங்கள்" மட்டும் இருக்கும். அதே நேரம் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலமும் கஞ்சா சாக்லேட்டும் வதந்தி இல்லை, அவை பிடிபட்ட ஊரும் தேதியும் செய்தியில் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வீடியோவில் பேசுகிறவர் கடைசியில் எதையாவது விற்கிறாரா, டாக்டர் என்று போட்டிருந்தால் எந்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு, பக்க விளைவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பிள்ளை என்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள், எளிமையாக இருக்கும், விளம்பரம் இருக்காது. ஏஐ செயலியில் கேட்டால், வந்த பதிலில் அளவு, மில்லிகிராம் எதுவாக இருந்தாலும் மருந்தாளுநரிடம் காட்டிச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

அவசரத்தில் செய்ய வேண்டியதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது, குறட்டை மாதிரி கரகரக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் தொண்டையில் அடைக்காது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், மோர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். பெயின்ட் தின்னரோ பசையோ முகர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுபோகலாம். அமைதியாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். பாராசிட்டமால் அட்டையாக விழுங்கியிருந்தால், இப்போது நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், கல்லீரல் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும், அதை முறிக்கிற மருந்தோ முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் என்ன போட்டான், எப்போது, எவ்வளவு என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

தாத்தாவின் புற்றுநோய் வலி மாத்திரை, அத்தையின் தூக்க மாத்திரை மிச்சமெல்லாம் பீரோவுக்குள் போகட்டும். டிவி மேல், குளிர்சாதனப் பெட்டி மேல் வேண்டாம். மனநல ஓ.பி. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் காலையில்தான், சீக்கிரம் போனால் டாக்டர் நிதானமாகப் பேசுவார். பழைய சீட்டு, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும் ஒரு பையில் இருக்கட்டும். டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே வந்து உட்காருங்கள், உள்ளே என்ன கேட்டார் என்று பேருந்தில் வரும்போது துருவிக் கேட்காதீர்கள், அடுத்த தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.